கை உள்ளே இருக்கிறது

ஐயா,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே விசாரித்தாகிவிட்டது. நீ நன்றாக இருக்கிறாய், மருமகள் நன்றாக இருக்கிறாள், நீ குடியிருக்கிற வாகட் வீட்டில் லிஃப்ட் மட்டும்தான் சரியில்லை. அதற்குப் பிறகு நீ சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில். அடுத்த மாதம் பெரிய ஓட்டலில் உன் கம்பெனி விழா. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அப்பாவை மேடையில் ஏற்றி, நீ செய்த ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, “கேக்குதாப்பா?” என்று நீ கேட்பாய். அப்பா “கேக்குது” என்று சொல்ல வேண்டும். “ரெண்டே நிமிஷம்தான்மா, நீயே அப்பாட்ட சொல்லிரு” என்றாய். நான் “பாக்கலாம்” என்றேன். அம்மா ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று சின்ன வயதில் உனக்குத் தெரியும். இப்போது மறந்திருக்கலாம்.

போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு கால் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இங்கிலீஷ் என்றால் நீ ஒரே பார்வையில் மேலிருந்து கீழே ஓட்டிவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். அப்படியே படி. ஒவ்வொரு எழுத்தாக உள்ளே போகட்டும். கவரை ஒட்டாமல்தான் மருமகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளும் படிக்கட்டும். உன் ஆபீஸில் தமிழ் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்ததெல்லாம் போதும்.

அப்பா ஹாமர் ஷாப்பில் என்ன வேலை பார்த்தார்கள் என்று நீ மேடைகளில் சொல்கிறாய். வீடியோவில் நானும் பார்த்தேன். “ஃபோர்ஜிங் ஒர்க்கர்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க எடுத்த இரும்பை நீளக் குறடால் பிடித்து அச்சில் வைப்பது அப்பாவின் வேலை. லீவரைப் பிடித்து மேலிருந்து சம்மட்டியை இறக்குவது அப்பாவின் கூட்டாளி, நீ மராட்டியில் சித்தப்பா என்று கூப்பிடுகிற விலாஸ் காகாவின் வேலை. அப்பா சரியாக வைப்பதற்கு முன்னால் காகா இறக்கிவிட்டால் குறடு தெறிக்கும், கை போகும், சில சமயம் ஆளே போவான். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. சைகை காட்டலாம் என்றால் இரண்டு கையும் குறட்டில். அதனால் அந்த இரண்டு பேரும் கையில்லாமல் பேசக் கற்றார்கள். தாடையை ஒரு இறக்கு இறக்கினால் ‘அடி’. தோளை ஒரு வெட்டு வெட்டினால் ‘சூடு போய்விட்டது, மறுபடி உலையில் போடு’. இடது முழங்கையைப் பக்கவாட்டில் தூக்கினால் ‘நிறுத்து, கை உள்ளே இருக்கிறது’. எல்லாவற்றுக்கும் மேல் அதுதான். முழங்கை தூக்கியிருக்கும்வரை, மேனேஜரே வந்து நின்றாலும் காகா லீவரைத் தொடமாட்டார்.

அந்த மொழி நம் கசார்வாடி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காப்பி ஆறிப்போனால் அப்பா தோளை வெட்டுவார்கள். நான் “உங்க உலையில போட்டுத்தான் கொண்டாரணும்” என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போவேன். உனக்கு அது ஒரே சிரிப்பு. சாம்பார் சூடில்லை என்றால் நீயும் குட்டித் தோளை வெட்டுவாய். ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது ஒரு நாள் கேட்டாய். “அப்பா, காதுல வைக்கிறதுக்கு கம்பெனி குடுக்குதே, அத ஏன் வைக்க மாட்டேங்கிறீங்க?” அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அத வச்சா காகா கத்துனா கேக்காதுல ஐயா. என்னைக்காவது ஒரு நாள் அவன் ‘தாம்ப்’னு கத்துவான், நில்லுன்னு. அந்த ஒரு நாள் கேக்கலைன்னா கை போயிரும். கைக்குக் காதக் குடுத்தா லாபம்தான்.” காதை அவர்கள் தொலைக்கவில்லை, தெரிந்தே கொடுத்தார்கள். அது உன் மனதில் விழுந்தது. அதிலிருந்துதான் உன் படிப்பு, உன் மெஷின், உன் கம்பெனி எல்லாம் வந்தது. இரைச்சலை வெளியே நிறுத்திவிட்டு மனிதக் குரலை மட்டும் உள்ளே விடுகிற ஹெட்செட். தாடை எலும்பிலிருந்து பேச்சை எடுத்து எலும்பு வழியாகவே கேட்க வைப்பது. முதன்முதலாக நீ எனக்கு விளக்கியபோது என் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் காதுக்காக முருகனுக்கு வெள்ளியில் இரண்டு காது செய்து போடுவதாக வேண்டியிருந்தேன். அந்த வாரமே போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். என் வேண்டுதல் உன் மூலமாக நிறைவேறிவிட்டது என்று எழுதிக்கொண்டேன். முருகனுடைய கணக்கில் தப்பு வராது. வரும் முன்னே வரவு வைத்தது நான்தான்.

தினமும் விளக்கேற்றிவிட்டுக் கணக்கு எழுத உட்காருகிறவள் நான். செலவை மட்டும் எழுதி வரவை மறைக்கிறவள் இல்லை. அதனால் இதையும் எழுதுகிறேன். உன் மெஷின் நல்ல மெஷின். அந்த ஷாப்பில் இப்போது புதிதாகச் சேருகிறவர்கள் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும். அது உன்னால் வந்த புண்ணியம், யாரும் அழிக்க முடியாது. கசப்பில் எழுதுகிறேன் என்பதற்காக அதை எழுதாமல் விடமாட்டேன்.

இனி செலவுப் பக்கம்.

உன் மெஷினை முதலில் வாங்கியது அப்பா வேலை பார்த்த அதே ஷாப். அவர்களாகவா வாங்கினார்கள்? அப்பா ரிட்டயர் ஆன பிறகும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உன்னோடு வந்து முதலாளியைப் பார்த்தார்கள். ஆட்களுக்குப் பயம். தலையில் எதையோ மாட்டி, தாங்கள் பேசுவதை எல்லாம் கண்ணாடி ரூமில் சூப்பர்வைசர் ஒட்டுக்கேட்பான் என்று. அந்தப் பயம் பொய்யுமில்லை. முன்னெல்லாம் சூப்பர்வைசர் எதிரிலேயே தாடையையும் தோளையும் வைத்து அவன் மூன்று தலைமுறையைத் திட்டிவிட்டு, அப்பாவும் காகாவும் முகத்தை அப்பாவி போல வைத்துக்கொள்வார்களாம். காகாவின் கவலை அதுதான். “அண்ணா, இனிமே இவனை எதுல திட்டுறது?” என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா சொன்னார்களாம், “என் பையன் செஞ்சதுடா. மாட்டு.” மாட்டினார்கள். உனக்காக இல்லை, அப்பாவுக்காக.

முதலாளிக்கு மெஷினைக் காட்டிய அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ எல்லா மேடையிலும் சொல்கிறாய். காது போனவர்களுக்குக் கேட்குமா என்று முதலாளி கேட்டார். “காது வழியா இல்ல சார், எலும்பு வழியா போகும்” என்று நீ சொல்லி, அப்பாவையே அழைத்து மாட்டிவிட்டாய். கண்ணாடி ரூமுக்குள் போய் மைக்கில், “அப்பா, கேக்குதா?” என்றாய். அப்பா கட்டைவிரலைத் தூக்கி, ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி, “ஏக்தம் சாஃப்! ஏ-ஒன்!” என்றார்கள், படு தெளிவாம். எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி அன்றைக்கே ஆர்டர் கொடுத்தார்.

ஐயா, அப்பாவுக்குக் கேட்கவில்லை.

நான் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருக்கும்போது அப்பா வீட்டுக்கு வந்தார்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தன் குரல் தனக்கே கேட்காததால் அப்பா எப்போதும் கத்தித்தான் பேசுவார்கள், உனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் சன்னமாகப் பேசினார்கள். “ஏ பிள்ள, ஒண்ணுமே கேக்கல கேட்டியா. கன்னத்துல வண்டு உக்காந்து அதிருத மாதிரி இருந்துச்சு, அம்புட்டுதான்.” நான் வாயைத் திறந்து நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். பிறகு ஏன் ‘கேட்கிறது’ என்று சொன்னீர்கள் என்று. “கண்ணாடிக்கு அங்கிட்டு அவன் வாயப் பாத்தேன். ‘கேக்குதா’ன்னு கேக்கான். நாப்பது பேரு நிக்காவ. எம் புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டு இல்லைன்னு எப்படிச் சொல்லச் சொல்லுத?” அப்புறம், “அவன்ட்ட சொல்லிறாத. மத்தவங்களுக்குக் கேக்கும். எனக்கு ரொம்பப் போயிட்டு, அதான்” என்றார்கள். நான் சாமி படத்தைப் பார்த்தபடி சரி என்று தலையாட்டினேன். இன்றைக்கு அந்த வாக்கை உடைக்கிறேன். முருகன் மன்னிப்பான். அப்பா மன்னிப்பார்களா தெரியாது.

மற்றவர்களுக்கும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்டது. பழைய ஆட்களுக்கு, நரம்பே செத்துப்போன காதுக்கு, எலும்பு வழியாக அனுப்பினாலும் போய்ச் சேர இடமில்லை. இது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது, ஆனால் உன் அப்பாவின் கட்டைவிரலை நீயே நம்பிவிட்டாய். நீ ஹெட்செட்டோடு ஒரு சோதனையும் கொடுத்தாயாமே. மாட்டியதும் ஒரு குரல் ஏதோ சொல்லும், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சிவப்பு வந்தவன் ஹாமர் பக்கம் போகக் கூடாது என்று கம்பெனி சட்டம் போட்டது. சைகையும் கூடாதாம், எல்லாம் வாய்ப்பேச்சு. விலாஸ் காகாவுக்கு மூன்று முறை வைத்தார்கள். மூன்று முறையும் சிவப்பு. “உன் அண்ணாவுக்கே கேட்டது, அவர் உன்னைவிட மூத்தவர், உனக்கு ஏன் கேட்கவில்லை? குடித்துவிட்டு வருகிறாயா?” என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அதோடு வேலை போய், கேட்டுக்கு வெளியே. அவரோடு இன்னும் சில பழைய ஆட்கள்.

இதை எனக்குச் சொன்னது சுனந்தா, காகாவின் சம்சாரம். சங்கராந்திக்கு எள்ளுருண்டையும் குங்குமமும் கொடுக்க வருஷா வருஷம் வருகிறவள். இந்த வருஷமும் வந்தாள். உருண்டையைக் கொடுத்து “கோட் கோட் போலா” என்று சொல்வார்களே, இனிப்பாகப் பேசுங்கள் என்று, அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு உட்காரவில்லை. “வைனி, உங்க பையனோட மெஷின் எங்க வீட்டு ஆளை ஃபெயில் பண்ணிருச்சு” என்றாள். மராட்டியில் அண்ணியைத்தான் வைனி என்பார்கள். அத்தனை வருஷமாக என்னை அப்படிக் கூப்பிடுகிறவள், அன்றைக்கும் வேறு மாதிரி கூப்பிடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னிடம் போனில் கேட்டேன், நினைவிருக்கிறதா? “அது கஸ்டமரோட பாலிசிம்மா. நாங்க டெஸ்ட் மட்டும்தான் குடுக்கறோம். பாஸ், ஃபெயில் வச்சு அவங்க என்ன பண்றாங்கன்னு எங்க கைல இல்ல” என்றாய். “விலாஸ் காகாடா” என்றேன். “தெரியும்மா. ஃபீல் ஆகுது. பட் சேஃப்டி விஷயம். காது கேக்காம ஹாமர் பக்கத்துல நிக்கலாமா, நீயே சொல்லு.” காது கேட்காமல்தான் ஐயா, அவர் உன் அப்பாவின் இரண்டு கையையும் முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கைதான் உன்னைத் தூக்கியது. இதை நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன், உனக்கு வேறு கால் வந்துவிட்டது.

காகா ஒரே ஒரு தரம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். அப்பாவைப் பார்த்துத் தன் காதைத் தொட்டு, அப்பா காதைக் காட்டி, உள்ளங்கையை விரித்தார். எனக்குக்கூடப் புரிந்தது. ‘உனக்குக் கேட்டதே, எனக்கு ஏன் கேட்கவில்லை?’ அப்பா தலையை இடமும் வலமும் ஆட்டினார்கள். ‘எனக்கும் கேட்கவில்லை.’ காகா கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அப்பா தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பிறகு வரவில்லை. காகா வழக்கமாக வருகிற ஞாயிறு காலையானால் அப்பா இப்போதும் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார்கள். என்னிடம் என்ன பேச முடியும் அவர்களுக்கு? எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படிச் சைகை. காப்பி, சூடு, போதும். அரசியலும் கேலியும் கெட்ட வார்த்தையும் காகாவோடுதான் இருந்தன.

உன் கல்யாணத்தில் பார்த்தாயே. வாகட் கிளப் ஹவுஸில் டிஜேக்காரன் போட்ட போட்டில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. உன் மாமனார் என் காதருகே வந்து கத்தியும் நான் “ஆமா ஆமா” என்று எதற்கோ தலையாட்டினேன். அந்த மண்டபத்திலேயே இரண்டு பேர்தான் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள். மேடையோரம் அப்பா, சாப்பாட்டுப் பக்கம் காகா. அதை யாரோ வீடியோ எடுத்தார்கள். அந்தத் துண்டைத்தான் நீ இப்போது எல்லா இடத்திலும் முதலில் போட்டுக்காட்டுகிறாய். இரண்டு வயசாளிகள் கூட்டத்துக்கு இருபுறமும் நின்று தோளையும் முழங்கையையும் ஆட்டுகிறார்கள், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நீ சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, “என் அப்பா வாழ்நாள் முழுக்க உடம்பால் கத்தினார். இனி எந்த அப்பாவும் கத்த வேண்டாம்” என்கிறாய். கை தட்டுகிறார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? நான் கேட்டேன். கடைசி பஸ் போய்விடும், கிளம்பட்டுமா என்று காகா கேட்டிருக்கிறார். அப்பா இடது முழங்கையைத் தூக்கினார்கள். ‘நிறுத்து. கை உள்ளே இருக்கிறது.’ நீ மணவறையில் இருந்தாய். ‘நான் இன்னும் இங்கே இருக்கிறேன், என்னை விட்டுவிட்டுப் போகாதே’ என்றுதான் அப்பா காகாவிடம் சொன்னார்கள். அவர் போகவில்லை. கடைசிப் பந்திவரை நின்றிருந்தார். உன் படத்தில் அந்த முழங்கை தூக்கும் இடத்தில்தான் எல்லோரும் அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

புத்தி சொல்வதற்கு நான் படித்தவள் இல்லை. பஸ் போர்டில் மராட்டி படித்தேன், உன் பாடப் புத்தகத்தில் இங்கிலீஷ் படித்தேன். உன் மெஷினுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்காதவனுக்கும் ஒரு வழி வைத்துச் செய்ய உனக்கு மூளை இருக்கிறது என்று தெரியும். கன்னத்தில் வண்டு அதிர்ந்தது என்றார்களே, அந்த அதிர்வு அவர்களுக்கு எட்டியதல்லவா? ‘நில்’ என்பதற்கு ஒரு அதிர்வு வைக்க முடியாதா? முழங்கையை ஏன் தடை செய்ய வேண்டும்? அது உன் வேலை, நீ யோசி. முதலாளியிடம் போய், அன்றைக்கு என் அப்பாவுக்குக் கேட்கவில்லை, நான் காட்டியது தப்பு என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. சொன்னால் ஆர்டர் போகலாம், விழா போகலாம். சொல்லாவிட்டால் காகா குடிகாரன் என்ற பெயரோடு கிடப்பார்.

அப்பாவை மேடைக்குக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டால் வருவார்கள், அதனால்தான் சொல்கிறேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள், உன் வாயைப் பார்ப்பார்கள், கட்டைவிரலைத் தூக்குவார்கள், ஏ-ஒன் என்பார்கள். ஒரு தரம் உனக்காகச் சொன்ன பொய்யில் அவர்களுக்கு இருந்த ஒரே சிநேகிதன் போனான். இரண்டாம் தரம் சொன்னால் என்ன போகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

நேற்று நீ அனுப்பிய அழைப்பை அப்பாவிடம் காட்டினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, முருகன்மேல் ஆணை. அதில் அந்தக் கல்யாண வீடியோ தானாக ஓடியது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். முடிந்ததும் என்னைப் பார்க்கவில்லை. அழைப்பில் உன் போட்டோ இருக்கிறதே, கழுத்தில் ஹெட்செட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதைப் பார்த்தார்கள். பிறகு இடது முழங்கையை மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கினார்கள். போன் வெளிச்சம் அணைந்த பிறகும் இறக்கவில்லை.

லீவரில் இருப்பது இப்போது உன் கை, ஐயா.

அம்மா